குறையும் குரையும்

இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்று மேடையின் நடுநாற்காலியை நிறைத்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி வழிகாட்டிய ஆயர் பெருமக்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு வந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே, குழந்தையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இளையோரே, இங்கே வராமல் வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் என்னைக் கண்டுகொண்டிருக்கும் நேயர்களே, நான் வாய் தவறும் கணத்துக்காகக் கருத்துப் பெட்டியில் காத்திருக்கும் கனவான்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று மாலை நான் உங்களைச் சிரிக்க வைப்பது இதுவே கடைசி முறையாக இருக்கலாம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது மூன்று பட்டங்கள் கொடுத்தார்கள். வாதத்தில் வல்லவர் என்றார்கள். வார்த்தைக்கு வேந்தர் என்றார்கள். இணையத்தில் இணையற்றவர் என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த மூன்று பட்டமும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரு பெண் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முப்பத்தொரு ஆண்டுகளாக அதுதான் என் தொழில். பாடநூலா, பஞ்சாங்கமா, பத்திரிகையா, பட்டுச்சேலைக் கடையின் துண்டு அறிக்கையா, எது வந்தாலும் சிவப்பு மையோடு உட்கார்ந்து ஒற்று மிகுந்த இடத்தையும் ஒற்று மறைந்த இடத்தையும் ஒழுங்கு செய்வேன். எங்கள் சபையின் ஆண்டறிக்கையையும் நானே திருத்துவேன். பைசா வாங்க மாட்டேன். பாராட்டு மட்டும் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் பாடகர் குழுவில் என்னோடு ஒரே வரிசையில் நிற்பவர் ஒரு மின்தூக்கிப் பழுது பார்ப்பவர். சபையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'லிஃப்ட்' என்றுதான் சொல்வோம். "லிஃப்ட் வந்தாச்சா, பாட்டை ஆரம்பிக்கலாமா?" என்று குழுத்தலைவர் கேட்பார். கீழ்க்குரல் அவருக்கு. அவர் பாடினால் பெஞ்சு அதிரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். பேச்சு சுத்தமாக இருக்கும். எழுத்தில்தான் ரகரமும் றகரமும் சண்டை போடும்.

அவர் மனைவி தையல்காரர். அவரைப் பற்றிப் பேசும்போது அவர் எப்படிப் போனார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று அவர் கணவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே சொல்கிறேன். கேளுங்கள்.

கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் சாக்பீஸ் பை, உதட்டோரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசி. இப்படித்தான் அவரைப் பார்ப்போம். பாடகர் குழுவின் இருபத்து நான்கு அங்கிகளையும் அவர்தான் தைத்தார். ஒவ்வோர் அங்கியிலும் உட்புறம் ஒரு சின்னப் பை. கைக்குட்டை வைக்க. யாரும் கேட்கவில்லை, அவராக வைத்தார். "பாடும்போது வேர்க்குமில்ல, கைய எங்க தொடைப்பீங்க, பாட்டுப் புத்தகத்துலயா?" என்பார்.

என் அங்கியின் கதையைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஓர் அங்குலம் என்று நான் அகலமாகிக்கொண்டே வந்தவன். ஒரு முறை அங்கி வயிற்றில் இறுகி, பொத்தான் தெறித்து, முன்னால் நின்றவர் பிடரியில் பட்டது. பாட்டு முடிந்ததும் தையல்காரர் என்னிடம் வந்தார். எல்லாரும் இருந்தார்கள். அவர் சத்தமே போடவில்லை. "அண்ணே, துணி சுருங்கிடுச்சுபோல. என் தப்புதான். குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கி கச்சிதமாக இருந்தது. துணி சுருங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை. பதினொரு ஆண்டுகளாக ஒரு முறைகூட வலிப்பு வந்ததில்லை. மாத்திரை போட்டார், இயந்திரத்தில் உட்கார்ந்தார், தைத்தார், பாடினார், சிரித்தார். அவ்வளவுதான் அவருடைய நோய்.

இப்போது வினைக்கு வருகிறேன். என் வினைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். அவருக்கும் என்னைப் போலவே சொல்லழகு உண்டு. "மாத்திரைப் பட்டையைப் பிடித்த கையால் பரலோகத்தைப் பிடிக்க முடியாது" என்றார். சபையே ஆர்ப்பரித்தது. தையல்காரப் பெண் மடியிலிருந்த கைப்பையை மெல்ல எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் லிஃப்ட் சபையின் இணையப் பக்கத்தில் எழுதினார். ஐந்தே வரி. எனக்கு மனப்பாடம். 'என் மனைவிக்கு இருப்பது நோய். பேய் இல்லை. மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குரைந்து போகாது. மேடையில் நிற்கும் பெரியவர்கள் மாத்திரையை விடச் சொல்லாதீர்கள். அது எங்கள் வீட்டில் உயிர் விசயம்.'

'குறைந்து' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குரைந்து' என்று எழுதிவிட்டார். ஓர் எழுத்து. வல்லின றகரம் போட வேண்டிய இடத்தில் இடையின ரகரம்.

தாய்மார்களே, அந்த ஐந்து வரியில் கருத்துப்பிழை ஒன்றாவது உண்டா? இல்லை. அவர் சொன்னதில் நான் மறுப்பதற்கு ஏதாவது இருந்ததா? இல்லை. எனக்கு இரத்த அழுத்தம். தினமும் காலையில் மாத்திரை விழுங்குகிறவன் நான். அன்று காலையிலும் விழுங்கியிருந்தேன். அப்படியானால் நான் ஏன் எழுதினேன்?

சொல்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சபைக் கூட்டத்தில் ஆண்டறிக்கையை எல்லார் கையிலும் கொடுத்தார்கள். 'திருச்சபை வளர்ச்சி' என்று இருக்க வேண்டிய தலைப்பு 'திருச்சபை தளர்ச்சி' என்று அச்சாகியிருந்தது. என் கண்ணுக்குத் தப்பிய பிழை. அதை முதலில் கண்டுபிடித்தவர் லிஃப்ட். "அண்ணே, தெரிஞ்சே உண்மையைப் போட்டுட்டீங்களா?" என்றார். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆயரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே சிரித்தேன். உள்ளே குறித்து வைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம், ஐயா. எட்டு மாதம் நற்கருணையில் பங்கு பெற்றேன். எட்டு மாதம் பக்கத்தில் நின்று பாடினேன். எட்டு மாதமும் அந்தச் சிரிப்பை நெஞ்சுக்குள் ஊறப் போட்டு வைத்திருந்தேன். அவருடைய ஐந்து வரியைப் படித்தபோது என் கண் நோயைப் பார்க்கவில்லை, நோவைப் பார்க்கவில்லை, பிழையைப் பார்த்தது. உடனே கீழே எழுதினேன்.

'தம்பி, விசுவாசம் குறையலாம். குரைக்கக் கூடாது.'

பார்த்தீர்களா, பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கோபமில்லை. சிரிப்பு வரத்தான் செய்யும். நன்றாக அமைந்த வரி. என் வாழ்நாளிலேயே நன்றாக அமைந்த வரி அதுதான். மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பக்குறி போட்டார்கள். எண்ணினேன். ஒவ்வொரு முறை கைப்பேசி ஒலிக்கும்போதும் எடுத்து எண்ணினேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து படித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இதை அவர் மூஞ்சைப் பார்த்துச் சொல்லுவீங்களா?" என்றாள்.

"சும்மா தமாஷுக்கு எழுதினது. அவனே சிரிப்பான்" என்றேன்.

"அப்போ நேர்லயே போய்ச் சொல்லிச் சிரிக்க வச்சுட்டு வாங்க. நாலு தெருதானே."

நான் போகவில்லை. நேரில் போனால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்?

லிஃப்ட் பதில் எழுதினார். 'அண்ணே தப்பா எழுதிட்டேன். மன்னிக்கவும். ஆனா சொன்ன விசயம் சரிதானே?' என்று கேட்டார். அது கேள்வி. என்னிடம் கேட்ட கேள்வி. சரிதான் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் எல்லாம் அத்தோடு நின்றிருக்கும். நான் எழுதவில்லை. எனக்குப் பதிலாக முகம் தெரியாத ஒருவர் வந்து, 'விசயம் அல்ல, விஷயம்' என்று திருத்திவிட்டுப் போனார். அதற்கும் அறுபது விருப்பக்குறி.

அப்புறம் வந்தது பாருங்கள் ஊர்வலம். என் வரியை வெட்டி எடுத்து வேறு சபைகளின் பக்கங்களில் போட்டார்கள். நாய்ப் படம் போட்டார்கள். நாயின் வாயில் மாத்திரைப் பட்டையைச் செருகிப் படம் போட்டார்கள். போட்டவர்கள் யார்? புறம்பானவர்களா? பகைவர்களா? இல்லை, ஐயா. தங்கள் முகப்புப் படத்தில் சிலுவை வைத்திருந்தவர்கள். காலையில் தியான வசனம், மதியம் நாய்ப் படம், மாலையில் ஜெபக்கூட்ட அழைப்பு. ஒரே விரல், ஒரே திரை, ஒரே நாள். ஒருவர் எங்கள் பாடகர் குழுப் படத்தைத் தேடி எடுத்து, அந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். இன்னொருவர் பரிவோடு எழுதினார்: 'சகோதரி, ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள், ஆண்டவர் யார் என்று தெரியும்.' அதற்குக் கீழே அறுபத்து மூன்று ஆமென்.

எதிர்த்தரப்பு மட்டும் சும்மா இருந்ததா? அவர்களும் வந்தார்கள். பிரசங்கியாரை எத்தன் என்றார்கள், எங்கள் ஆயரைக் கோழை என்றார்கள், ஜெபிக்கிறவர்களை முட்டாள்கள் என்றார்கள். லிஃப்டுக்கு ஆதரவாகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவியின் நோயைப் பந்தாக்கி உதைத்தார்கள். எங்கள் ஆயர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கை கூப்பிய படம் ஒன்று போட்டு, 'அனைவரும் அமைதி காக்கவும்' என்று எழுதினார். அதற்கும் விருப்பக்குறி விழுந்தது. நானும் ஒன்று போட்டேன்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'தலைப்புக்கு வரவும்' என்று செயலாளர் எழுதியிருக்கிறார். எனக்குக் கொடுத்த தலைப்பு 'இணையத்தில் இன்சொல்'. செயலாளர் அவர்களே, நான் தலைப்பின் மேலேதான் நின்றுகொண்டிருக்கிறேன். கால் சுடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அக்கா சொன்னார். லிஃப்ட் எதையும் மனைவிக்குக் காட்டவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் கைப்பேசி உண்டு, சபைக்குழு உண்டு, அன்போடு அனுப்பிவைக்கிற தோழிகளும் உண்டு. எல்லாவற்றையும் படித்திருக்கிறார். நாய்ப் படத்தைப் பார்த்திருக்கிறார். தன்னை வட்டம் போட்டதற்கு அவர் அழவில்லை. கணவனை நாய் என்றதற்கு அழுதிருக்கிறார். அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

"என்னாலதானேக்கா அவரை இப்படிப் பேசுறாங்க. ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கிறேன். ஒண்ணும் ஆகலைன்னா எல்லாரும் வாயை மூடிக்குவாங்கல்ல."

"பைத்தியமா உனக்கு? டாக்டர் என்ன சொன்னார்?"

"சும்மா சொன்னேன்க்கா. நீ பயப்படாதே."

சும்மா சொல்லவில்லை. தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று, பட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தார். கணவன் பார்க்கத் தண்ணீர் குடித்தார். மாத்திரையைப் பொத்தான் டப்பாவில் போட்டார். வெள்ளைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் வெள்ளை மாத்திரை. யாருக்குத் தெரியும்? ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணி. லிஃப்ட் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் தூக்கிப் பெட்டியின் தலையில் ஏறி நின்று கம்பிவடம் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி கீழ்த்தளத்தில், கருவிப் பைக்குள். இங்கே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்று, நாற்காலி விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்திருக்கிறார். ஒரு வலிப்பு ஓய்வதற்குள் அடுத்தது. அது ஓய்வதற்குள் அடுத்தது. லிஃப்ட் கீழே இறங்கிக் கைப்பேசியை எடுத்தபோது இருபத்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன.

மருத்துவமனையில், இரத்தத்தில் மருந்தே இல்லை என்று கண்ட ஓர் இளம் மருத்துவர் லிஃப்டைக் கேட்டிருக்கிறார். "திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்க டாக்டர். நிறுத்தச் சொன்னவங்கதான் அதிகம் பேர்" என்றாராம் லிஃப்ட்.

இரண்டாம் நாள் மதியம் அந்தப் பெண் போய்விட்டார்.

குழுவில் செய்தி வந்தது. 'நம் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வெள்ளைப்பூப் படத்தைத் தேடி அனுப்பினேன். குரைக்கக் கூடாது என்று எழுதிய அதே விரல். அந்த இரங்கல் செய்திக்குக் கீழேயே மறுபடி சண்டை தொடங்கியது. விசுவாசம் போதவில்லை என்று ஒரு சாரார். மதவெறி கொன்றது என்று மறு சாரார். உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அதற்குள் இரண்டு தரப்பும் அவரைச் சாட்சியாக்கித் தங்கள் வழக்கை வாதாடிக்கொண்டிருந்தன.

அடக்கத்துக்குப் போனேன். அங்கி போட்டுக்கொண்டுதான் போனேன், பாட வேண்டுமே. பாட்டு முடிந்ததும் அவருடைய அக்கா என்னருகில் வந்து நின்றார். முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் குரைக்கிற ஜோக் எழுதினது நீங்கதானே?"

நான் தலை குனிந்தேன்.

"நல்லா எழுதியிருந்தீங்க. எங்க ஆபீஸ்லகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அது என் தங்கச்சி வீட்டு விஷயம்னு அவங்களுக்குத் தெரியாது." பிறகு பொத்தான் டப்பாவைப் பற்றிச் சொன்னார். "சட்டைக்குப் பொத்தான் தேடித் திறந்தாரு. பதினெட்டு மாத்திரை. எண்ணிப் பார்த்துட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். எங்கே எழுதினேன்? எங்கே எழுதுவேன், அந்தப் பக்கத்தில்தான். முந்நூறு சொல். ஒரு பிழை கிடையாது. என் ஆணவத்தை அறிக்கையிட்டேன், என் நாவை நொந்தேன், கண்ணீர் என்ற சொல்லை இரண்டிடத்தில் வைத்தேன். தொள்ளாயிரம் பேர் இதயம் போட்டார்கள். 'ஐயா, உங்கள் தாழ்மை எங்களைத் தொட்டது' என்றார்கள். 'இப்படி மன்னிப்புக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்' என்றார்கள். குரைப்பு வரிக்குக் கிடைத்ததைவிட இரண்டு பங்கு. அந்தக் கடிதத்தால்தான் என் பெயர் உங்கள் வரைக்கும் வந்தது. அதனால்தான் இந்த மேடை. அதனால்தான் இந்தச் சால்வை. ஒரு பெண்ணின் சாவின் மேல் ஏறி நின்று நான் இன்னும் கொஞ்சம் உயரமாகிவிட்டேன், தலைவர் அவர்களே. இந்தச் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் அச்சகம் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது. அதன் தூக்கியைப் பராமரிப்பவர் லிஃப்ட்தான். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வருவார். ஆண்டுக்கணக்காக வருகிறவர், என் மேசைக்கு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். அந்தச் சாவுக்குப் பிறகு முதல் செவ்வாயன்று நான் விடுப்பு எடுத்தேன். இரண்டாம் மாதம் மேசையைவிட்டு நகரவில்லை, அவரும் வரவில்லை. மூன்றாம் மாதம் மதியம் அவர் போயிருப்பார் என்று நினைத்து, படிக்கட்டு வழியாகச் சத்தமில்லாமல் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"வாங்கண்ணே. படியிலயா இறங்குறீங்க? லிஃப்ட் ஓடுதே" என்றார்.

நான் நின்றேன். மேலே போவதா கீழே போவதா தெரியவில்லை. கடைசியில் அவருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தேன்.

"தம்பி, நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பார்த்தியா?"

"சொன்னாங்க. நான் படிக்கல. போனை அன்னிக்கே ஆஃப் பண்ணி அலமாரியில வச்சிட்டேன். கம்பெனி குடுத்த பழைய போன்தான் இப்போ. அதுல பேச மட்டும்தான் முடியும்."

"ரொம்ப மனசு உடைஞ்சு எழுதினேன்."

"இருக்கும்ணே." துணியை மடித்து முழங்காலில் வைத்தார். "ஆனா அதையும் ஊர் முன்னாடிதான் எழுதணுமா? நாலு தெரு தள்ளி இருக்கேன். கதவு திறந்தேதான் கெடந்துச்சு. யார் யாரோ வந்தாங்க. நீங்க வருவீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன்."

வார்த்தைக்கு வேந்தர் என்றீர்களே, அந்த வேந்தன் படியில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஒரு எழுத்து தப்பாப் போட்டேன்ல, அதை நீங்க தனியாச் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்" என்றார். "அவளும் சிரிச்சிருப்பா. உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை. படிச்சவர், படிச்சவர்ம்பா. படிச்சவர் சொல்லிட்டாரேன்னுதான் அவளுக்கு..."

"தம்பி, என்னை மன்னிச்சிட்டியா?"

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதுவும் எனக்காகக் கேட்டதுதான். அவர் கோபப்படவில்லை. மேலே யாரோ தூக்கியின் பொத்தானை அழுத்த, பெட்டி எங்களைக் கடந்து மேலே போயிற்று.

"தெரியலண்ணே. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்றோம்ல, அதுல மன்னிக்கிறோம்னு ஒரு வரி வருமே. அந்த வரி வர்றப்போ நான் வாயை மூடிக்கிறேன். கடவுள்கிட்டப் போய் பொய் சொல்லக் கூடாதுல்ல. மத்ததெல்லாம் சொல்றேன். இப்போதைக்கு அவ்வளவுதான்."

எழுந்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்பர்களே, இங்கே வருவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். இம்முறை நடந்து போனேன். இதைப் பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்க. ஆனா அழுகை வர்ற மாதிரி அழகாப் பேசி முடிச்சிடாதீங்க. எல்லாரும் அழுதுட்டு, மனசு லேசாகி, வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். ஆகையால் அழகாக முடிக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மா, தயவுசெய்து அழாதீர்கள். யோசியுங்கள்.

கருத்து வேறுபாடே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது கோழைகளின் சமாதானம். அந்தப் பிரசங்கியார் சொன்னது தவறு. அதைத் தவறு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் சொன்னார், படித்த நாங்கள் சொல்லவில்லை. சபை என்றால் வாதம் இருக்கும். உபதேசத்தில் வேறுபாடு வரும், உரத்த குரல் வரும், ஒரு வாரம் முகம் கொடுக்காமல் போவதும் வரும். வரட்டும். ஆனால் உன் சகோதரனிடம் உனக்குக் குறை இருந்தால் முதலில் அவனிடம் போ, நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்றுதானே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? போ என்று சொல்லப்பட்டிருக்கிறது. அனுப்பு என்றா சொல்லப்பட்டிருக்கிறது? பதிவிடு என்றா சொல்லப்பட்டிருக்கிறது? இதைப் படிக்காத கிறிஸ்தவன் இந்த மண்டபத்தில் உண்டா? படித்தோம். பாராமல் ஒப்புவித்தோம். பரிசும் வாங்கினோம். கைப்பேசி கைக்கு வந்ததும் காற்றில் விட்டோம்.

நேரில் போனால் என்ன ஆகும்? அவன் வீட்டு வாசலில் அவன் செருப்பு கிடக்கும். உள்ளே அவன் பிள்ளை படிக்கும் சத்தம் கேட்கும். அலமாரியில் மருந்துச்சீட்டு இருக்கும். அவன் முகம் இருக்கும். உங்கள் வாயில் தயாராக இருக்கும் அந்த அருமையான வரி, அந்த முகத்தைப் பார்த்ததும் தொண்டைக்குள்ளேயே செத்துப்போகும். சாகட்டும். சாக வேண்டியது அந்த வரிதான். அதன் பிறகும் சொல்வதற்கு ஏதாவது மிச்சமிருந்தால், அதுதான் உண்மையான கருத்து வேறுபாடு. அதைப் பேசுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். தூரத்தில் இருப்பவரா? அழையுங்கள், குரலைக் கேளுங்கள். ஊரறிய ஒருவர் தவறாகப் போதித்தாரா? ஊரறிய மறுத்துப் பேசுங்கள், ஆனால் அவர் சொன்னதை மறுங்கள், அவர் எழுத்தை, முகத்தை, மனைவியை விடுங்கள். அடுத்தவர் சண்டையில் கைகொட்டும் அந்த விருப்பக்குறியை அழுத்துமுன் ஒரு மூச்சு விடுங்கள். நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். மீதியை நானூற்றுப் பன்னிரண்டு பேர் செய்தார்கள்.

'நாங்கள் அப்படியெல்லாம் இல்லை' என்று ஒரு குரல் கேட்கிறது. அப்படியா, ஐயா? நேற்று இந்த மாநாட்டின் பக்கத்தில், யார் ஆரம்ப ஜெபம் செய்வது, பெண்கள் மேடையேறலாமா என்று நடந்த சண்டையை முழுவதும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எழுதியவர்களில் ஒருவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர் ஐந்தாம் வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். இடையில் இருப்பது ஒரே ஒரு வரிசை நாற்காலி. அந்தத் தூரத்தைக் கடக்க நேற்றிலிருந்து இருவராலும் முடியவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது கடல் கடந்து போய்விட்டது.

மிச்ச உரையை நான் படிக்கப் போவதில்லை. நான்கு பக்கம் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறேன், இருக்கட்டும். எனக்குக் கொடுத்த நேரத்தில் பத்து நிமிடம் மீதி. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அந்தப் பத்து நிமிடத்தை இந்த மண்டபத்துக்குத் தருகிறேன். யாரும் பாட வேண்டாம், யாரும் மேடைக்கு வர வேண்டாம். கைப்பேசிகளைக் கீழே வையுங்கள். ஒருவரிடம் போக வேண்டியவர் எழுந்து போங்கள். அவர் இங்கே இல்லையென்றால் வெளியே போங்கள், பேருந்து ஓடுகிறது. அங்கே போய் அழகாகப் பேச வேண்டியதில்லை. தப்புத் தப்பாகப் பேசினால் போதும். அவர் மன்னிக்காமல் போகலாம். அதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், அழாமல் கேட்ட தாய்மார்களுக்கும், சுவரோரம் நின்றே கேட்ட இளையோருக்கும், இடையில் நிறுத்திவிடாத தலைவருக்கும், சீட்டு அனுப்பியும் பொறுத்துக்கொண்ட செயலாளருக்கும், என் குரல் உடைந்த இடங்களில் ஒலியைக் கூட்டாமல் விட்ட ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும், நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்ட அந்த ஒருவருக்கும், சமாதானம் உண்டாகட்டும். வணக்கம்.